சம்பளப் பக்கத்தை அப்புறம் படியுங்கள்

கேள்வி: நான்கு வருடமாக ஏடிஆர் 72 என்ற சின்ன புரொப்பெல்லர் விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானியாக) இருக்கிறேன். 2,300 மணி நேரம் பறந்திருக்கிறேன். இன்னும் ஒரு வருடத்தில் கேப்டன் பயிற்சிக்கு அனுப்புவதாக இங்கே சொல்கிறார்கள். இந்த நேரம் பார்த்து ஒரு பட்ஜெட் ஏர்லைனிலிருந்து ஏ320 ஜெட் விமானத்துக்கு ஆஃபர் வந்திருக்கிறது. இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு சம்பளம். மூன்று வருடத்தில் கமாண்ட், அதாவது கேப்டன் பதவி, கிடைக்கும் என்று நேர்காணலில் சொன்னார்கள். ஐந்து வருட பாண்ட் உண்டு; நடுவில் விலகினால் பணம் கட்ட வேண்டும். மனைவிக்கு இந்த ஊரில்தான் வேலை, மகளுக்கு இரண்டு வயது. "மலிவு டிக்கெட் விற்கிறவன் விமானத்தை ஒழுங்காகப் பராமரிப்பானா?" என்று அப்பா கேட்கிறார். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். போகலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்:

தம்பி, ஆஃபர் கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்பினீர்களே, அது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் நானும் எல்லாரையும் போல "யோசித்து முடிவெடுங்கள்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

முதலில் அப்பாவின் கேள்வி. டிக்கெட் விலையை வைத்துப் பாதுகாப்பை எடைபோட முடியாது. அமெரிக்க பட்ஜெட் ஏர்லைனான சவுத்வெஸ்ட் 1971-இல் பறக்கத் தொடங்கியது. விபத்தில் அதன் பயணி ஒருவர் இறந்தது 2018-இல்தான் முதல் தடவை. பட்ஜெட் ஏர்லைன் பணத்தை மிச்சம் பிடிப்பது பராமரிப்பில் அல்ல. ஒரே வகை விமானத்தை வைத்துக்கொள்வதில், அதைத் தரையில் சும்மா நிற்க விடாததில், பெட்டிக்கும் இருக்கைக்கும் தனித்தனியாகக் காசு வாங்குவதில். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் அந்த "தரையில் சும்மா நிற்க விடாததில்" என்ற இடத்தில் நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். விமானம் நிற்காது என்றால் அதை ஓட்டுகிற ஆளும் நிற்க முடியாது. இந்த வேலையின் நல்லது கெட்டது இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.

சரி, கடிதத்துக்கு வருவோம். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிற தொகையைத்தான் ஒன்றரை மடங்கு என்கிறீர்கள். நான்காம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, பாருங்கள். அந்தத் தொகை மாதம் 75 மணி நேரம் பறந்தால் கிடைப்பது. அவர்கள் உறுதி தருவது 40 மணிக்கு மட்டும். அவர்கள் போட்டிருக்கும் விகிதத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 மணி மட்டும் பறக்கிற மாதத்தில் உங்கள் கைக்கு வருவது இப்போதைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஏர்லைனை எடைபோட அதன் நல்ல மாதத்தைப் பார்க்கக் கூடாது, மோசமான மாதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படி மோசமான மாதம் வருமா என்று கேட்பீர்கள். வரும், யார் தப்பும் இல்லாமலே வரும். 2019 மார்ச்சில் போயிங் 737 மேக்ஸ் விமானம் உலகம் முழுக்கப் பறக்க விடாமல் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் மறுபடி பறக்க அனுமதி கிடைக்க 2020 நவம்பர் ஆயிற்று. 2023-இல் இன்ஜின் தயாரிக்கும் பிராட் அண்ட் விட்னி தன் ஜிடிஎஃப் இன்ஜின் பாகங்களில் உலோகத்தூள் கோளாறு இருப்பதாக அறிவித்தது. அந்த இன்ஜின் பொருத்திய நூற்றுக்கணக்கான ஏ320நியோ குடும்ப விமானங்கள் பரிசோதனைக்கு வரிசையில் நின்றன. விமானம் நின்றால் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுடைய வருமானமும் அதோடு நின்றுவிடும். நீங்கள் ஓட்டப்போகும் விமானத்தில் எந்த இன்ஜின் என்று நேர்காணலில் கேட்டீர்களா?

இன்னொன்று, இந்த "மணி" என்பதே என்ன? ஏடிஆரில் இருப்பவருக்கு பிளாக் அவர் தெரியாமல் இருக்காது. ஆனால் மாதச் சம்பளம் வாங்கியவருக்கு அது லாக் புக்கில் எழுதுகிற எண் மட்டும்தான். இனி அதுவே உங்கள் வருமானம். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊரில் போய் நிற்கும்வரைதான் கணக்கு. ஒரு நாளைக்கு நான்கு செக்டர் (ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் பறப்பது ஒரு செக்டர்), ஒவ்வொன்றும் ஒரு மணி 20 நிமிடம் என்று வையுங்கள். பறந்தது 5 மணி 20 நிமிடம். ஒரு மணி நேரம் முன்னாடியே ரிப்போர்ட் செய்தது, நடுவில் மூன்று தடவை அரை அரை மணி நேரம் தரையில் நின்றது, கடைசியில் பேப்பர் வேலை அரை மணி, எல்லாம் சேர்த்தால் 8 மணி 20 நிமிட டியூட்டி. அந்த மூன்று மணி நேரத்துக்குக் காசு கிடையாது.

தரையில் நிற்கிற அந்த அரை மணி நேரம் ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பது வருடம் அப்படி ஓட்டியவன் சொல்கிறேன். கதவு திறந்து பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த செக்டரின் வானிலைத் தாள் மடியில் இருக்கும். எரிபொருள் லாரிக்காரர் கீழேயிருந்து கட்டைவிரலைக் காட்டுவார். கேப்டன் விமானத்தைச் சுற்றிப் பார்க்க மழையில் இறங்கியிருப்பார். நீங்கள் கம்ப்யூட்டரில் ரூட் போட்டுக்கொண்டே சாப்பாட்டுத் தட்டின் மூடியை ஒரு கையால் திறப்பீர்கள்; இரண்டு வாய் போவதற்குள் எடைக் கணக்குத் தாளான லோட் ஷீட் வந்துவிடும். தட்டை மூடித் தரையில் வைப்பீர்கள். அதை மறுபடி திறப்பது அடுத்த ஊரில்தான். இது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். வேலை கையில் நன்றாக ஏறும். நெடுந்தூர விமானங்களில் இருக்கும் நண்பர்கள் சிலர், 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் என்ற கணக்கை முடிக்கவே சிமுலேட்டருக்குப் போவார்கள். பட்ஜெட் ஏர்லைனில் அந்த மூன்றை ஒன்றரை நாளில் முடித்துவிடுவீர்கள். குறுக்குக் காற்று, குட்டை ஓடுபாதை, சரியாக ரேடியோ பேசாத கட்டுப்பாட்டுக் கோபுரம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுவீர்கள். பெரும்பாலான இரவுகள் வீட்டில்தான் படுப்பீர்கள். முழுச் சேவை நிறுவனங்களில் இருப்பவர்கள் இதற்காக ஏங்குவதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் "வீட்டில்" என்றேனே, எந்த வீட்டில்? உங்கள் கடிதத்தில் எனக்கு நெருடிய இடம் அதுதான். பேஸ், அதாவது டியூட்டி தொடங்கும் ஊர், எது என்ற இடத்தில் "நிறுவனத்தின் தேவைக்கேற்ப" என்று இருக்கிறது. மனைவியும் குழந்தையும் இங்கே, நீங்கள் எங்கேயோ. விடுமுறைக்கு ஓடி வருவது, டியூட்டிக்கு முந்தின ராத்திரி கடைசி விமானத்தில் திரும்பிப் போவது என்று ஆகும். ரோஸ்டர், அதாவது டியூட்டி அட்டவணை, சட்டப்படி ஓய்வு கொடுத்திருக்கும். அந்த ஓய்வை நீங்கள் பயணத்தில் செலவழித்திருப்பீர்கள். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ அருகே ஒரு டர்போபிராப் (புரொப்பெல்லர்) விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். ஸ்டால் (இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போவது) எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக எதிர்வினை செய்ததுதான் முதன்மைக் காரணம் என்று விசாரணை சொன்னது. கூடவே விமானிகளின் களைப்பும் பேசப்பட்டது. ஃபர்ஸ்ட் ஆபீசர் முந்தின இரவு முழுக்க நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் பயணியாகப் பறந்து வேலைக்கு வந்திருந்தார். வேலை செய்கிற ஊரில் வீடு இல்லாத விமானிகள் எத்தனையோ பேர் வாரா வாரம் செய்வதைத்தான் அவரும் செய்தார். மனைவி வேலையை விட்டு வரத் தயாரா, மாற்றல் கிடைக்குமா என்று இன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். "போகப் போகப் பார்த்துக்கலாம்" என்பது மட்டும் வேண்டாம்.

பறக்கும் மணி நேரத்துக்கு மேல் எல்லை உண்டே என்பீர்கள். உண்டு. ஐரோப்பிய விதியில் 28 நாளில் 100 மணி, ஒரு காலண்டர் ஆண்டில் 900. அமெரிக்காவில் 365 நாளில் 1000. அந்த எல்லை விதி எழுதுகிறவனுக்கு உச்சவரம்பு, ரோஸ்டர் போடுகிறவனுக்கு இலக்கு. இது என் சொந்தக் கருத்து. ரோஸ்டர் துறையில் வேலை செய்யும் யாராவது கோபப்பட்டால் படட்டும்.

இப்போது பாண்ட். இதில் நான் கை சுட்டுக்கொண்டவன். இளம் வயதில் ஒரு நிறுவனத்தில் சிமுலேட்டர் தேர்வு முடித்து வெளியே வந்த சந்தோஷத்தில், ஹோட்டல் வரவேற்பறையிலேயே ஒப்பந்தத்தை நீட்டினார்கள். எதிரே இருந்தவர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குத் தாமதமாகிறதே என்று நான் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருட பாண்ட், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயணிகளோடு பறந்தபடியே பயிற்சி பெறும் லைன் டிரெயினிங் முடிந்து என்னைத் தனியாக விடுகிற நாளிலிருந்து என்று உள்ளே இருந்தது. பயிற்சி கொடுக்கும் கேப்டன்கள் போதவில்லை. ஏழு மாதம் பாதிச் சம்பளத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஏழு மாதம் பாண்டில் கழியவே இல்லை. நடுவில் வந்த நல்ல வாய்ப்பு ஒன்றையும் விட்டேன்.

உங்கள் கடிதத்திலும் அதே வாசகம் இருக்கிறது. "லைன் ரிலீஸ் தேதியிலிருந்து 60 மாதங்கள்." அதோடு, எப்போது விலகினாலும் முழுத் தொகையும் கட்ட வேண்டும். 59-ஆம் மாதம் போனாலும் முதல் மாதம் போனாலும் ஒரே தொகையா? நியாயமான பாண்ட் மாதா மாதம் கரையும். உடல்நிலைக் காரணத்தால் மெடிக்கல் சான்றிதழ் போனால் என்ன, அவர்களே உங்களை அனுப்பினால் என்ன என்றும் இதில் ஒரு வார்த்தை இல்லை.

ஆறாம் பக்கத்தில் இன்னொரு வரி. பயிற்சிச் செலவை "பணியாளர் பெயரில் வங்கிக் கடனாக ஏற்பாடு செய்யும் உரிமை" நிறுவனத்துக்கு உண்டாம். இதற்குக் கட்டாயம் மறுப்புச் சொல்லுங்கள். ஐஸ்லாந்தின் வாவ் ஏர் 2019 மார்ச்சில் திடீரென்று சேவையை நிறுத்தியது. பிரிட்டனின் மோனார்க் 2017 அக்டோபரிலும் பிரைமேரா ஏர் 2018 அக்டோபரிலும் அப்படியே நின்றன. நிறுவனம் கதவைச் சாத்தினாலும் உங்கள் பெயரில் இருக்கிற கடன் உங்களோடுதான் வரும். அடுத்த மாதத் தவணைக்கு வங்கி உங்களைத்தான் தேடும்.

அப்புறம் கமாண்ட். மூன்று வருடம் என்று சொன்னவர் பொய் சொல்லியிருக்கமாட்டார். வேகமாக வளர்கிற நிறுவனத்தில் புது விமானம் வரவர கேப்டன் இருக்கைகளும் கூடும், சீனியாரிட்டி பட்டியலில் சரசரவென்று மேலே போவீர்கள். பட்ஜெட் ஏர்லைனின் பெரிய கவர்ச்சி அது. ஆனால் விமானம் வருவது தள்ளிப்போனால் கமாண்டும் தள்ளிப்போகும். நேர்காணலில் சொன்னது ஒப்பந்தத்தில் இல்லை. ஏடிஆரில் உங்களுக்குக் கமாண்ட் கிட்டத்தில் இருக்கிறது. கேப்டனாகப் பறந்த மணிக்கு ஒரு மதிப்பு உண்டு. அது சின்ன விமானமா பெரிய விமானமா என்பதெல்லாம் அப்புறம்தான். கேப்டனின் இடது இருக்கையில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியவனை எந்த ஏர்லைனும் வேறு கண்ணோடு பார்க்கும். ஏ320 டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி) இருந்தால் உலகத்தில் எத்தனையோ கதவு திறக்கும் என்பதும் நிஜம்தான். ஆனால் அந்தக் கதவு அடுத்த வருடமும் திறந்திருக்க வாய்ப்பு உண்டு.

ஆக, இந்தக் காகிதத்தில் இப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் இப்போதைய நிறுவனத்திடம் கேப்டன் பயிற்சிக்குத் தேதியை எழுத்தில் கேளுங்கள். "பார்க்கலாம்" என்று இழுத்தால் அதுவும் ஒரு பதில்தான். புது நிறுவனத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். பாண்ட் சேர்ந்த நாளிலிருந்து தொடங்கி மாதா மாதம் குறைய வேண்டும். ஆறாம் பக்க வங்கிக் கடன் வரி நீங்க வேண்டும். பேஸின் பெயர் எழுத்தில் வேண்டும், குறைந்தது இரண்டு வருடத்துக்கு மாற்றக் கூடாது. உறுதி மணி 40 அல்ல, 60. நான்கையும் தரமாட்டார்கள். பாண்டும் கடனும் சரியாகி, பேஸும் குடும்பத்துக்கு ஒத்துவந்தால் போங்கள், நான் சந்தோஷமாக வாழ்த்துவேன். 40 மணி மாதங்களுக்கு ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பாண்டில் ஒரு எழுத்தும் மாறாது என்றால் ஏடிஆரில் கேப்டன் ஆகிவிட்டு வாருங்கள்.

மெயில் போட்ட கையோடு அந்த ஏர்லைனின் ஃபர்ஸ்ட் ஆபீசர் ஒருவரை விமான நிலையத்தில் பிடித்து இரண்டே கேள்வி கேளுங்கள். போன மாதம் விடுமுறை நாளில் எத்தனை தடவை போன் வந்தது? களைப்பாக இருக்கிறது, பறக்க முடியாது என்று கடைசியாகச் சொன்னவருக்கு என்ன ஆயிற்று? இரண்டாவது கேள்விக்கு அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால், அதையும் எனக்கு எழுதுங்கள். மெயிலுக்கு என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்து.