கணக்கு நோட்டு சாட்சி சொல்லுமா?

கேள்வி: வீட்டு வேலை செய்த பெண்களின் வாழ்க்கை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முந்தைய காலம். அரசு ஆவணங்களில் அவர்களைப் பற்றி இரண்டு வரி கிடைப்பதே அபூர்வமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் பழைய பெட்டியிலிருந்து வீட்டுக் கணக்கு நோட்டுகள், கடிதங்கள், பின்புறம் ஏதோ கிறுக்கிய புகைப்படங்கள் எல்லாம் ஒரு கட்டாகக் கிடைத்தன. “இதையெல்லாம் முதன்மைச் சான்று என்று ஆய்வேட்டில் போட முடியாது” என்கிறார் நெறியாளர். விட்டுவிடவா?
– பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட ஆய்வு மாணவி

பதில்: விட்டுவிடாதீர்கள். நீங்கள் தேடுகிற பெண்கள் அரசு ஆவணத்தில் இல்லாமல் போனது தற்செயல் இல்லை. வரி கட்டினவர், நிலம் வைத்திருந்தவர், வழக்குப் போட்டவர், குற்றத்தில் மாட்டினவர், இப்படிப்பட்டவர்களைத்தான் அரசு விரிவாக எழுதி வைக்கும். இதில் எதிலும் சேராமல் இன்னொருவர் வீட்டில் உழைத்துவிட்டுப் போனவர்களைத் தேட வேண்டுமென்றால் அந்த வீட்டுக்குள்தான் போயாக வேண்டும். உங்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. நெறியாளரின் தயக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

1944-ல் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்ட பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் பிளாக், சான்றுகளை இரண்டு வகையாகப் பார்த்தார்: பின்னால் வருகிறவர்கள் படிக்கட்டும் என்று நினைத்தே எழுதப்பட்டவை ஒரு பக்கம், அந்த எண்ணமே இல்லாமல் உருவானவை இன்னொரு பக்கம். இரண்டாவது வகைமீதுதான் அவருக்கு நம்பிக்கை அதிகம். யோசித்துப் பாருங்கள், சுயசரிதை எழுதுகிறவருக்குத் தன்னைப் பற்றி நாம் என்ன நினைக்க வேண்டும் என்ற கவலை இருக்கும். மாதக் கடைசியில் கூட்டல் சரியாக வருகிறதா என்று பார்த்தவர் நம்மை நினைத்தே இருக்க மாட்டார். அதனால்தான் அந்த நோட்டு, எழுதினவருக்கே தெரியாத விஷயங்களையும் சொல்லும்.

மார்த்தா பல்லார்ட் என்ற மருத்துவச்சியின் நாட்குறிப்பு இதற்கு நல்ல உதாரணம். இன்றைய அமெரிக்காவின் மெயின் மாநிலப் பகுதியில் 1785 முதல் 1812 வரை எழுதியது. இன்ன வானிலை, இன்னார் வீட்டில் பிரசவம், கூலி வந்தது, ஆற்றைக் கடந்தேன் என்று ஒவ்வொரு நாளும் சில வரிகள், அவ்வளவுதான். அதைப் பார்த்த பழைய ஆய்வாளர்கள் அற்ப விவரம் என்று ஒதுக்கினார்கள். லாரல் தாட்சர் உல்ரிக் என்ற வரலாற்றாசிரியர் அதே வரிகளைப் பொறுமையாக எண்ணி, வழக்கு ஆவணங்களோடும் மற்றப் பதிவுகளோடும் பொருத்திப் பார்த்தார். 816 பிரசவங்கள், கடன், பண்டமாற்று, பெண்களுக்குள் நடந்த ஒரு முழுப் பொருளாதாரம் வெளியே வந்தது. அந்த ஆய்வுக்கு 1991-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. சலிப்பூட்டுகிற பக்கங்கள் என்று ஒதுக்கப்பட்டவையில்தான் விஷயமே இருந்தது.

எழுத்துகூட வேண்டியதில்லை. லண்டனில் 1741-ல் குழந்தைகளைச் சேர்க்கத் தொடங்கிய காப்பகம் ஒன்றில், விடப்பட்ட குழந்தையைத் தாய் என்றாவது வந்து கேட்டால் அடையாளம் காண்பதற்காகப் பதிவுத்தாளோடு ஒரு துணித்துண்டையும் குத்தி வைத்தார்கள். அப்படிச் சேர்ந்தவை சுமார் 5,000. ஏழைகளின் உடை நைந்து கிழிந்து போய்விடும், அருங்காட்சியகத்துக்கு வராது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் சாதாரணப் பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்று இன்று பேச முடிவது அந்தத் துண்டுகளால்தான். கேத்ரின் ரூடி என்ற ஆய்வாளரோ இடைக்கால ஜெபப் புத்தகங்களில் பக்க ஓரத்து அழுக்கைக் கருவி வைத்து அளந்தார், எந்தப் பக்கத்தில் விரல் அதிகம் பட்டது என்று பார்ப்பதற்கு. அழுக்கை இப்படியும் ஒருவர் படிக்கலாம் என்பதே எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சரி, இப்போது நெறியாளர் பக்கம். இப்படிப்பட்ட சான்று கையில் வந்தவுடன் அது சொல்லாததையும் சொன்னதாக எடுத்துக்கொள்ளும் ஆசை வரும். இத்தாலியில் இருந்த பழைய ரோமானிய நகரமான பாம்பேய் எரிமலையில் அழிந்தது கி.பி. 79 ஆகஸ்ட் 24 என்பது நெடுநாள் கணக்கு. 2018-ல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய வரி கிடைத்தது, அதில் இருந்த தேதி அக்டோபர் 17. கரி எழுத்து நெடுநாள் தாங்காது, அதனால் அழிவு அக்டோபரில்தான் என்ற வாதத்துக்கு அது பலம் சேர்த்தது. ஆனால் அந்த வரியில் ஆண்டு இல்லை. முந்தைய ஏதோ ஒரு வருடத்து அக்டோபராகவும் இருக்கலாமே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

உங்கள் நோட்டுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ஒரு பெண் எப்போது சேர்ந்தார், எத்தனை நாள் பிடித்தம், முன்பணம் எவ்வளவு, கூலியை அவரே வாங்கினாரா இல்லை அப்பாவோ கணவரோ வந்து வாங்கிப் போனார்களா, இதையெல்லாம் நோட்டு சொல்லக்கூடும். அவர் அங்கே எப்படி இருந்தார் என்று சொல்லாது. அதில் இருப்பது எஜமானரின் கை, எஜமானரின் கண். எழுதிய தொகை உண்மையிலேயே கொடுக்கப்பட்டதா என்பதும் தனிக் கேள்வி. பெட்டியைக் காப்பாற்றி வைத்ததும் அதே குடும்பம்தானே, தங்களுக்குச் சங்கடமான கடிதங்களைத் தலைமுறைக்குத் தலைமுறை கிழித்துப் போட்டிருக்கலாம். இடையில் ஒரு வருட நோட்டு இல்லையென்றால் அந்த இடைவெளியை ஆய்வேட்டில் எழுதுங்கள், மறைக்காதீர்கள். புகைப்படத்தின் பின்னால் இருக்கிற பெயர்கள் படம் எடுத்த அன்றே எழுதியவை என்றும் நம்பிவிடாதீர்கள், மையையும் கையெழுத்தையும் கடிதங்களோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் இரண்டாவது சாட்சி தேடுங்கள். மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவு, திருட்டுப் புகார் வழக்குகள் (வேலைக்காரர்கள் பெயரோடு வருகிற இடங்களில் இது முக்கியமானது), அதே காலத்து இன்னொரு வீட்டின் கணக்கு. அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள் யாராவது கிடைத்தால் கட்டாயம் பேசுங்கள், ஏனென்றால் இந்தக் கட்டில் இல்லாத குரல் அங்கேதான் கிடைக்கும். அவர்கள் மறைக்கச் சொன்னால் பெயரை மாற்றிப் போடுங்கள்.

நெறியாளரின் நியாயம் என்று சொன்னேனே, அது இதுதான்: இன்னொரு ஆய்வாளர் போய்ச் சரிபார்க்க முடியாத ஒன்றை வைத்து ஆய்வேட்டில் வாதாட முடியாது. உங்கள் கட்டு இன்றைக்கு ஒரு வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, நாளைக்கு இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் தேதிவாரியாக அடுக்குகிறேன் என்று கட்டைப் பிரிக்கும் முன்னால் இருக்கிற வரிசையிலேயே ஒவ்வொரு தாளையும் படம் எடுங்கள், எது எதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது என்பதும் செய்திதான். எண் போட வேண்டுமென்றால் பென்சில் மட்டும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பெட்டி யார் யார் கையில் இருந்து வந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதி, பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்கி, ஒரு நகலையாவது நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ ஒப்படைத்து அதன் எண்ணை அடிக்குறிப்பில் கொடுங்கள்.

நெறியாளரிடம் இது சான்றா இல்லையா என்று பொதுவாக விவாதிக்க வேண்டாம். ஒரே ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், நோட்டில் அவர் பெயர் வருகிற எல்லா வரிகளையும் பெயர்த்தெழுதுங்கள், வெளியிலிருந்து ஒரு சான்றோடு பொருத்துங்கள், எது உறுதி எது ஊகம் என்று பிரித்து நான்கைந்து பக்கம் எழுதி அவர் மேசையில் வையுங்கள். அதைப் படித்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.