வாகனத் தணிக்கையில் ஒவ்வொரு முறையும் என் காரை மட்டும் நிறுத்துகிறார்களே, என்ன செய்வது?

அடையாறில் வசிக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என்னிடம் 2016 மாடல் போலோ கார் இருக்கிறது. அலாய் வீல், சத்தம் கூடுதலாக வரும் சைலன்சர், ஈ.சி.யூ. ரீமேப் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் மாற்றம்), பக்கக் கண்ணாடிகளில் இலேசான ஃபிலிம் ஆகியவற்றைச் செய்திருக்கிறேன். ஞாயிறு அதிகாலையில் நண்பர்களின் நான்கைந்து கார்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சென்று காபி குடித்துவிட்டுத் திரும்புவோம். மூன்று மாதங்களில் நான்கு முறை நிறுத்தப்பட்டேன். கடைசி முறை, வாகனத்தில் மாற்றம் செய்ததாக 5,000 ரூபாய்க்குச் சலான் போட்டார்கள். நான் வேகமாகக்கூடப் போகவில்லை. இதை எப்படிக் கையாள்வது? அந்தச் சலானைக் கட்டிவிடலாமா?"

உங்கள் காரை நிறுத்த வைப்பது பெரும்பாலும் சைலன்சர்தான். அலாய் வீலை நூறு மீட்டர் தொலைவிலிருந்து யாரும் கவனிப்பதில்லை. ரீமேப்பைக் கண்ணால் பார்க்கவே முடியாது. ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது பட்டாசு வெடிப்பதுபோல் எழும் சத்தம், தடுப்புக்கு அருகே நிற்கும் காவலருக்கு நீங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறது. பிறகு அவர் தேடுவது காரணத்தை அன்று, பிரிவு எண்ணை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. அதே பிரிவின் விளக்கம், 'மாற்றம்' என்பது வாகனத்தின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம் என்று வரையறுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு முரணாக மாற்றம் செய்ய இடமில்லை என்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது. அதன் 4ஆம் உட்பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்களுக்கு ஒன்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

சைலன்சருக்கு இதைவிடக் கடுமையான பிரிவும் உண்டு. ஒலி மற்றும் காற்று மாசு அளவுகளை மீறுவோருக்கான 190(2) பிரிவில், முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் இருக்கின்றன. ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று மாதத் தகுதியிழப்பும் சேர்கிறது. "டெசிபல் மீட்டர் இல்லாமல் எப்படிச் சொல்கிறீர்கள்" என்ற கேள்வி நீதிமன்றத்தில் எடுபடக்கூடிய வாதம்தான். சாலையோரத்தில் அதைக் கேட்டால், காரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ஆய்வாளரிடமே காட்டச் சொல்லும் யோசனையை நீங்களே எடுத்துக் கொடுத்தவராவீர்கள். கம்பெனி சைலன்சரைத் திரும்பப் பொருத்திவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. பழையதை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். நீங்கள் அப்படிச் செய்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அலாய் வீலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அதே மாடலின் உயர் ரகத்துக்குத் தயாரிப்பாளரே தரும் அளவுக்குள் டயரும் வீலும் இருந்து, அவை உடலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லையென்றால், அதை அடிப்படை அம்சத்தின் மாற்றம் என்று நிறுவுவது எளிதன்று. ரீமேப்பின் சிக்கல் வேறு வகையானது. அது தணிக்கையில் அகப்படாது. விபத்து நேர்ந்து, காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் காரை ஆராயும் நாளில், தெரிவிக்கப்படாத மாற்றம் என்ற பெயரில் தலைகாட்டும். காவலருக்கு அஞ்சுவதைவிடச் சர்வேயருக்கு அஞ்சுவது பொருத்தம்.

ஃபிலிம் விஷயத்தில் இணையத்தில் உலவும் செய்திகளை நம்பி வாதாடாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதி, முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கண்ணாடிமேல் எந்த அடர்த்தியிலும் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று தடைவிதித்தது. பின்னர் விதி திருத்தப்பட்டதைச் சுட்டிக்காட்டி, அந்த ஒளி அளவுகளுக்கு உட்பட்ட ஃபிலிமை ஏற்கலாம் என்று 2024இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. அது தமிழ்நாட்டுக் காவலரைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு ஆகாது. ஃபிலிமுக்காகப் பொதுவாக எழுதப்படுவது 177ஆம் பிரிவு. முதல் முறை 500 ரூபாய். அதற்காக நடுச்சாலையில் அரை மணி நேரம் சட்டம் பேசுவது வீண்.

"வேகமாகக்கூடப் போகவில்லை" என்கிறீர்கள். சென்னை மாநகர எல்லைக்குள் 2023 நவம்பர் முதல் கார்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதிகாலை ஐந்தரை மணிக்குக் காலியான அந்தச் சாலையில் நான்கைந்து கார்கள் அந்த அளவுக்குள்ளேயே போயின என்றால் வியப்புதான். வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் சென்று மாறி மாறி முந்துவது. அந்தச் சாலையில் பந்தய ஓட்டத்தால் நேர்ந்த விபத்துகளைப் பார்த்துப் பழகிய காவலர், நீங்கள் காபிக்குப் போவதாக எண்ண வாய்ப்பில்லை. அரசின் எழுத்துமூல அனுமதியின்றிப் பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ ஈடுபடுவதற்கான 189ஆம் பிரிவில், முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஐந்து நிமிட இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கிளம்பி, மாமல்லபுரத்தில் ஒன்றுகூடுங்கள். போகும் வழியில் எடுத்த காணொளியை இசை சேர்த்து அன்றே பதிவேற்றும் பழக்கம் உங்கள் குழுவில் யாருக்கேனும் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். நம்பர் பிளேட்டும் வேகமானியும் தெரியும் அந்தக் காட்சியைவிட நல்ல சாட்சியம் அரசுத் தரப்புக்குக் கிடைக்காது. வேகத்தை அனுபவிக்க இருங்காட்டுக்கோட்டையில் 1990இலிருந்து பந்தயப் பாதை இயங்குகிறது. அங்கே சொந்தக் காரை ஓட்ட அனுமதிக்கும் நாள்களை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கை காட்டியதும் இண்டிகேட்டர் போட்டு இடப்புறம் ஒதுங்கி, முதலில் என்ஜினை அணைத்துவிடுங்கள்; அந்தச் சைலன்சர் உறுமிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் பயனில்லை. கண்ணாடியை முழுமையாக இறக்குங்கள், இருட்டாக இருந்தால் உள்விளக்கைப் போடுங்கள், நண்பர்கள் இறங்கிவந்து சூழ்ந்துகொள்ள வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். சீருடையில் உள்ள எந்தக் காவலர் கேட்டாலும் உரிமத்தைக் காட்டுவது 130ஆம் பிரிவின்படி உங்கள் கடமை. டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ உள்ள ஆவணங்கள் செல்லும். கேலரியில் வைத்திருக்கும் புகைப்படம் அதற்கு ஈடாகாது. ஆர்.சி.யும் காப்பீடும் புகைச் சான்றும் காலாவதியாகவில்லை என்பதை முந்தைய இரவே பார்த்துவிடுங்கள்.

சலான் எழுதுவதாகச் சொன்னால், "எந்தப் பிரிவுங்க சார்?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். ஸ்பாட் ஃபைன் என்பது வழக்கை நீதிமன்றம் போகாமல் முடித்துக்கொள்ளக் கட்டும் சமரசத் தொகை. அதைக் கட்டாமல் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கட்டுவதானால் இ-சலான் கருவி தரும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கைமாறக்கூடாது. உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டால், 206ஆம் பிரிவின்படி அதற்கு ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும். வண்டியையே நிறுத்திவைப்பதற்கான 207ஆம் பிரிவு, உரிமம் இல்லாமலோ வயது நிரம்பாமலோ ஓட்டுவது, பதிவோ பர்மிட்டோ இல்லாதது போன்றவற்றுக்கு உரியது; சைலன்சர் அந்தப் பட்டியலில் இல்லை. இதையும் அங்கேயே முழங்க வேண்டாம். என்ன எழுதினார்கள், எத்தனை மணிக்கு, அதிகாரியின் பெயர், பதவி என்ன என்பதைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

இனி உங்கள் 5,000 ரூபாய்ச் சலான். பரிவாகன் இணையதளத்தில் அதைத் திறந்து, பிரிவையும் குற்ற விவரத்தையும் இணைத்துள்ள புகைப்படத்தையும் பாருங்கள். சைலன்சருக்காக எழுதியிருந்தால் கட்டிவிடுங்கள். அந்த வழக்கில் உங்கள் பக்கம் பலமில்லை. அலாய் வீலைக் காட்டி எழுதியிருந்தால் கட்டாதீர்கள். கட்டுவது குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகும். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் டயர் விவர ஸ்டிக்கர் இருந்தால் அதையும், இப்போது பொருத்தியிருக்கும் டயரின் அளவு எண்ணையும் தெளிவாகப் படமெடுத்து, வீல் வாங்கிய பில்லோடும் உரிமையாளர் கையேட்டில் அளவுகள் அச்சிட்ட பக்கத்தோடும் சேர்த்து ஒரு வழக்கறிஞரிடம் கொடுங்கள். சைலன்சரை மாற்றுவது மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியட்டும்.