பெட் ஸ்கேன் எடுத்த அம்மா அன்றே வீடு திரும்பலாமா?

கேள்வி: பெரம்பூரில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருக்கிறோம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அம்மாவுக்கு (வயது 62, சர்க்கரை நோயும் உண்டு) பெட் சி.டி. ஸ்கேன் (PET-CT, புற்றுநோய் உடம்பில் எங்கே இருக்கிறது என்று காட்டும் படம்) எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி; இரண்டு வயது மகன் பாட்டியின் மடியை விட்டு இறங்க மாட்டான். ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து உடம்பிலேயே தங்கிவிடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். அம்மாவை ஒரு வாரம் உறவினர் வீட்டில் தங்கவைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அம்மா அன்றே வீட்டுக்கு வரலாம். அன்றைய பொழுது மட்டும் பேரனை மடியில் வைத்துக்கொள்ளாமலும், உங்கள் மனைவியின் பக்கத்தில் நெடுநேரம் நெருங்கி அமராமலும், தனியே படுத்தும் இருந்தால் போதும்.

ஊசியில் செல்வது ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சுமந்த ஒருவகைச் சர்க்கரை. புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் சர்க்கரையை மிகுதியாக இழுத்துக்கொள்ளும்; ஆனால் இந்தச் சர்க்கரையை முழுவதும் பயன்படுத்திக்கொள்ள அவற்றால் இயலாது என்பதால், அது உள்ளேயே சிக்கிக்கொண்டு, தான் இருக்கும் இடத்தைக் கதிர்வீச்சால் காட்டிக்கொடுக்கிறது. 1923-இல் ஹெவெசி என்ற வேதியியலாளர் கதிரியக்க ஈயத்தைப் பீன்ஸ் செடியின் வேர் உறிஞ்சும்படி செய்து, அது போன தடத்தைத் தொடர்ந்ததும் இதே வழியில்தான்.

ஃபுளூரின்-18-இன் அரை ஆயுட்காலம், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 110 நிமிடம். காலை 9 மணிக்கு ஊசி போட்டால் மாலை 6.10-க்குள் ஐந்து முறை பாதியாகி, 32-இல் ஒரு பங்கே மிஞ்சும். மறுநாள் காலை 9 மணிக்கு எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. சிறுநீரில் வெளியேறுவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆகவே அம்மா தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கட்டும். தைராய்டு புற்றுநோய்க்குத் தரும் அயோடின்-131 சிகிச்சை வேறு. அதன் அரை ஆயுட்காலம் 8 நாள் என்பதால்தான் அந்த நோயாளிகளைத் தனியறையில் வைக்கிறோம். அக்கம்பக்கத்தார் அதைக் கேள்விப்பட்டிருக்கலாம்.

எனக்குள்ள கவலை அம்மாவின் சர்க்கரை அளவைப் பற்றியது. ரத்தச் சர்க்கரை 200-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஸ்கேனைத் தள்ளிவைப்போம். ரத்தத்திலுள்ள சாதாரணச் சர்க்கரை, ஊசிச் சர்க்கரையோடு போட்டியிட்டுப் படத்தை மங்கவைக்கும். ஆறு மணி நேரம் வெறும் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது. விடியற்காலைக் காபியும் கூடாது. மாத்திரை, இன்சுலின் இரண்டையும் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அம்மா பேசாமல், எதையும் மெல்லாமல் படுத்திருக்க வேண்டும். வெற்றிலை மென்றால் தாடைத் தசை சர்க்கரையை வாங்கிக்கொண்டு படத்தில் ஒளிரும்.

துணைக்கு உங்கள் மனைவி வர வேண்டாம், நீங்கள் செல்லுங்கள். குறித்த நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள், ஏனெனில் அம்மாவுக்கென அளந்து ஈயக் குடுவையில் வைத்த மருந்து, நீங்கள் போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போதும் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே இருக்கும்.