கொழும்பில ஒரு தமிழ்ப் பாடசாலையில 6 - 9ம் தரப் பிள்ளையளுக்கு ஹெல்த் சயன்ஸ் மேக்னட் புரோகிராம் தொடங்க ஏலுமா?

கேள்வி கேட்டவரின்ட அக்கா டெக்சாஸ்ல இருக்கிறாவாம், மகள் அங்க மிடில் ஸ்கூல்ல ஹெல்த் சயன்ஸ் மேக்னட்ல (சுகாதார விஞ்ஞானத்தை முக்கியமா வச்சுப் படிப்பிக்கிற திட்டம்) படிக்கிறாவாம், இவர் இங்க பழைய மாணவர் சங்கத்தில இருக்கிறபடியா அப்பிடி ஒண்டை எங்கட பிள்ளையளுக்கும் செய்யலாமோ, பிள்ளையளை எப்பிடித் தெரியிறது, எத்தினை பேரோட தொடங்கிறது எண்டு கேட்டிருக்கிறார். நான் வெள்ளவத்தைப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். இதே கிறுக்கு எனக்கும் பிடிச்சு, மூண்டு வருசமா ஒரு சின்ன அளவில செய்து கொண்டிருக்கிறன். முதல் வருசம் முழுசாப் பிழைச்சுப் போச்சு, அதையும் சேத்துச் சொல்லுறன்.

முதல்ல, அங்க அமெரிக்காவில இருக்கிற மேக்னட் எண்டது கெட்டிக்காரப் பிள்ளையளுக்கான ஸ்பெஷல் வகுப்பு எண்டு இங்க கனபேர் நினைக்கினம். அது தொடங்கின கதை வேற. 1960கள் முடியேக்கயும் 70களிலயும், கறுப்பினப் பிள்ளையளும் வெள்ளைப் பிள்ளையளும் தனித்தனிப் பாடசாலைகளில இருந்ததை உடைக்கிறதுக்கு, கட்டாயப்படுத்தி பஸ்ஸில ஏத்தி அனுப்பாமல் தாங்களாவே விரும்பி வர வைக்க ஒரு வழி வேணும் எண்டுதான் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு தனி ருசி குடுத்தவை, ஒண்டுக்கு இசை, ஒண்டுக்கு விஞ்ஞானம், ஒண்டுக்கு மருத்துவம். காந்தம் இழுக்கிற மாதிரி இழுக்கோணும், அதுதான் பேர். ஹூஸ்டன்ல 1972ல பெய்லர் மருத்துவக் கல்லூரியோட சேந்து தொடங்கின டிபேக்கி ஹைஸ்கூல் இதில பேர் போனது. இடத்துக்கு மிஞ்சின ஆக்கள் விண்ணப்பிச்சா கன மேக்னட்டுகளில லொத்தர் போட்டுத்தான் எடுக்கிறவை. மார்க்ஸ் பாக்கிற இடங்களும் இருக்கு, ஆனா இந்த லொத்தர் விசயத்தை மனசில வச்சிருங்கோ, திரும்ப வாறன்.

இங்க அரச பாடசாலையில அதை அப்பிடியே கொண்டு வர ஏலாது. பாடத்திட்டம் மகரகமவில தேசிய கல்வி நிறுவகம் போடுறது, நாங்கள் ஒரு பாடத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஏலாது. பிள்ளை ஒரு பாடசாலையை விட்டு இன்னொண்டுக்கு விருப்பப்படி மாறுறதும் லேசில்லை. ஆனா 6ல இருந்து 9 வரைக்கும் விஞ்ஞானமும் இருக்கு, சுகாதாரமும் உடற்கல்வியும் எண்ட பாடமும் இருக்கு. ரெண்டிலயும் பாதி விசயம் ஒண்டுதான், சமிபாடு அங்கயும் வரும் இங்கயும் வரும். அந்த ரெண்டு டீச்சர்மாரும் நேரசூசியில அடுத்தடுத்த பாடவேளையை எடுத்தா 80 நிமிசம் கிடைக்கும். எங்கட முழு ‘புரோகிராமும்’ அந்த 80 நிமிசம்தான். பின்னேரம் வைக்கலாம் எண்டு மட்டும் கனவு காணாதேங்கோ, 1.30க்கு பெல் அடிச்சா கேற்றடியில டியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போக ஓட்டோ நிக்கும்.

இப்ப முதல் வருசக் கதை. நான் 8ம் தரத்தில விஞ்ஞானத்துக்கு 75க்கு மேல எடுத்த பிள்ளையளை மட்டும் தெரிஞ்சனான். கொழும்பில வளந்த ஆளுக்கு வேற எப்பிடி யோசிக்கத் தெரியும், அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப்பில இருந்து எல்லாம் மார்க்ஸ்தானே. அம்மாமார் உடனே இது ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பயோவுக்கு இப்பவே போடுற அத்திவாரம் எண்டு முடிவெடுத்திட்டினம், ஒரு அம்மா இதுக்கு எந்த டியூட் (பாடக் குறிப்பு) தாறீங்கள் மிஸ் எண்டு கேட்டவ. நாங்கள் கை கழுவுறதும் நாடித்துடிப்பு எண்ணுறதும் எண்டு தெரிஞ்ச உடன, இதுக்கே பிள்ளையின்ட பாடவேளை எண்டு ஒவ்வொருத்தரா முகம் சுழிச்சு, மூண்டாம் தவணையில அரைவாசிப் பேருக்கு மேல ஏதாவது சாட்டுச் சொல்லிக் கழண்டிட்டினம். பிள்ளையளிலயும் பிழை சொல்ல ஏலாது. டொக்டர் ஆகிறதுக்குத்தான் இது எண்டு வந்த பிள்ளைக்கு கன்டீனுக்குப் பின்னால நுளம்புக் குடம்பி தேடுறது என்ன மண்ணாங்கட்டிக்கு எண்டுதானே இருக்கும்.

அடுத்த வருசம் 7ம் தரத்தில விரும்பினவை எல்லாரும் பேர் தாங்கோ எண்டு சொல்லி, அசெம்பிளியில எல்லாருக்கும் முன்னால சீட்டுக் குலுக்கி எடுத்தம். பிரின்சிபலுக்குத் துப்பரவா விருப்பமில்லை, பேந்து ஒரு மாதிரி ஓம் எண்டவ. அண்டைக்குத்தான் எனக்கு அந்த லொத்தர் ஏன் எண்டு விளங்கினது. வகுப்பில கடைசி வாங்கில இருக்கிற, விஞ்ஞானத்துக்கு 32 எடுக்கிற ஒரு பெடியன், தன்ட அம்மம்மாவை மாசாமாசம் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறவன். அவவுக்குச் சிங்களம் தெரியாது, இவன்தான் மொழிபெயர்ப்பு. மெட்ஃபோர்மின் (சீனி வருத்தக் குளிசை) எத்தினை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ, கிளினிக் கொப்பியில எந்தப் பக்கத்தில என்ன எழுதிக் கிடக்கு எல்லாம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. 75க்கு மேல எடுத்த ஒருத்தருக்கும் அது தெரியாது. அவன்ட யோசனையிலதான் மூண்டு மொழிச் சொல் கொப்பி ஒண்டு செய்தம், காய்ச்சல் எண்டா சிங்களத்தில உண, இருமல் எண்டா கெஸ்ஸ, அதோட இங்கிலிஷ் சொல்லு, எல்லாம் தமிழ் எழுத்தில. எங்கட புத்தகத்தில குருதியமுக்கம் எண்டு படிச்சிட்டு ஆஸ்பத்திரியில போய் அந்தச் சொல்லைச் சொன்னா ஆருக்கு விளங்கும், வீட்டிலயும் பிறஷர் எண்டுதானே சொல்லுறம். கொழும்பில ஒரு தமிழ்ப் பாடசாலை இப்பிடி ஒண்டு செய்யிறதெண்டா இந்தக் கொப்பியைத்தான் முதல் வேலையா வைக்கச் சொல்லுவன், அமெரிக்காக்காரரிட்ட இது இல்லை.

செய்ய ஏலுமான வேலையள் கனக்க இருக்கு, எனக்குப் பிடிச்சதை மட்டும் சொல்லுறன். நாடித்துடிப்பை 15 செக்கனுக்கு எண்ணி நாலால பெருக்கிறது, பிறகு மூண்டு மாடி ஏறி இறங்கித் திரும்ப எண்ணி, பழையபடி வர எத்தினை நிமிசம் எண்டு வரைபு போடுறது. கணித டீச்சர் தானாவே வந்து சேந்திட்டா. ஒருத்தி ரெண்டு தரம் பெருக்கி 300க்கு மேல வந்து அழத் தொடங்கிட்டாள், சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு.

பிறஷர் மெஷின் வந்த முதல் கிழமை கன்டீன் அங்கிளுக்குப் பாத்து 150க்கு 100 எண்டு பெடியள் அறிவிச்சிட்டாங்கள். மனுசன் பயத்தில அண்டைக்குக் கன்டீனைப் பூட்டிட்டுப் போட்டார். பேந்து பாத்தா, அவர் அப்பதான் அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தவர். அஞ்சு நிமிசம் சும்மா இருத்தோணும், காலைக் குறுக்கால போடாமல், கை நெஞ்சு மட்டத்தில, அதுக்கு அரை மணித்தியாலம் முதல் தேத்தண்ணி கோப்பி குடிச்சிருக்கக் கூடாது, இதெல்லாம் சொல்லிக் குடுத்தும் ஒருத்தருக்கும் அந்த நேரம் ஞாபகம் வரேல்ல. அதுக்குப் பிறகு ஒரு சட்டம் போட்டம்: இலக்கத்தை எழுதிக் குடுக்கலாம், உங்களுக்கு வருத்தம் இருக்கு எண்டு ஒரு பிள்ளையும் வாய் திறக்கக் கூடாது, கூடவா இருந்தா டொக்டரிட்டக் காட்டுங்கோ எண்டது மட்டும்தான்.

சீனி வேலையும் நல்லா எடுபட்டது. 2016ல இங்க குளிர்பான போத்தல்களுக்கு கலர் அடையாளம் வந்ததெல்லோ, 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல சீனி இருந்தா சிவப்பு எண்டு. 400 மில்லிப் போத்தல் ஒண்டை அந்தக் கணக்கில எடுத்தா 44 கிராம், அதைத் தராசில நிறுத்துக் கண்ணாடிக் கிளாசில போட்டு மேசையில வச்சா பாக்கிறவைக்கு வயித்தைப் பிரட்டும். ஒரு சொல்லும் பேசத் தேவையில்லை.

டெங்கு கட்டாயம். 2017ல நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல டெங்கு வந்தது, எங்கட பாடசாலையிலயும் வகுப்புக்கு ரெண்டு மூண்டு பேர் வராமல் இருந்தவை, ஆனா இப்ப 7ம் தரத்தில இருக்கிறதுகளுக்கு அது கதை மாதிரி. கிழமைக்கு ஒருக்கா பீலி, யோகட் கப், சிரட்டை, பூச்சாடித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு எல்லாம் பாத்து வரைபடத்தில குறிப்பினம். முட்டையில இருந்து நுளம்பு வெளிய வர ஏழெட்டு நாளில இருந்து பத்து நாள் காணும், அதனாலதான் கிழமைக்கு ஒருக்கா. தண்ணியை ஊத்தி விட்டாப் போதாது, முட்டை பாத்திரத்தின்ட உள்பக்கம் ஒட்டிக்கொண்டு காஞ்சபடியே மாசக்கணக்கில கிடக்கும், தேய்ச்சுக் கழுவோணும். இதை வீட்டில போய் அப்பாமாரை அதட்டிச் செய்விச்ச பிள்ளையள் இருக்கினம்.

பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா, மிட்வைஃப் அக்காமார் எல்லாம் எப்பிடியும் பாடசாலைக்கு வருவினம், அந்த நாளுகளை விடாதேங்கோ. 7ம் தரத்துக்கு மருத்துவப் பரிசோதனை இருக்கு, 2017ல இருந்து 6ம் தரப் பொம்பிளைப் பிள்ளையளுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான ஹெச்.பி.வி ஊசியும் போடுறவை. ஊசி நாளில மயங்கி விழுறதுகள்தான் கூட, ஏதோ வதந்தி கேட்டுப் பயந்து போய். எங்கட 8ம் தரப் பிள்ளையள் முதல் நாளே போய், தாங்கள் போட்டுக்கொண்ட கதையைச் சொன்ன வருசம் விழுந்தது ஒராள்தான்.

செய்யக் கூடாதது எண்டா, விரலில குத்தி ரத்த வகை பாக்கிற வேலையைத் தொடவே வேண்டாம், கண்காட்சிக்கு வடிவா இருக்கும் எண்டு ஆராவது கேப்பினம், இந்த வயசில அது தேவையில்லாத ஆபத்து. ஆட்டு இதயம் வெட்டிக் காட்டப்போய் நான் வாங்கிக் கட்டினது தனிக் கதை. சைவச் சாப்பாட்டுக் குடும்பங்கள் கன பேர், ஒரு அப்பம்மா போனில அரை மணித்தியாலம் பேசினவ. இப்ப ரெண்டு பிளாஸ்டிக் போத்தலும் பலூனும் ஸ்ட்ரோவும் வச்சு வால்வு எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டிறன், உண்மையில அதில இன்னும் வடிவா விளங்குது.

பெற்றோருக்கு ஒரு கூட்டம் வச்சு இதை மட்டும் வெளிப்படையாச் சொல்லுங்கோ: பல்கலைக்கழகத்துக்கு 40 வீதம் தான் நாடு முழுக்க மெரிட்டில எடுக்கிறது, 55 வீதம் மாவட்ட அடிப்படை, கொழும்பில இருந்து மெடிசினுக்குப் போறதெண்டா இசட் ஸ்கோர் (ஏ.எல் மார்க்ஸை வச்சுக் கணக்கிடுற புள்ளி) எந்த உயரத்தில நிக்குமெண்டு உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரி ஓடுறது டொக்டராலை மட்டுமில்லை, தாதி, மருந்தாளர், லாப்காரர், எக்ஸ்ரேக்காரர், பிசியோ எல்லாரும் வேணும். எங்கட கூட்டத்துக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி லாப்பில வேலை செய்யிற அப்பா ஒருத்தரையே கூப்பிட்டுக் கதைக்க விட்டனான், அந்தாள் தன்ட வேலையைப் பற்றிப் பத்து நிமிசம் சொன்னது நான் வருசம் முழுக்கச் சொன்னதை விட எடுபட்டது.

காசு விசயத்தில பழைய மாணவர் சங்கம் எண்டபடியா உங்களுக்குச் சுகம். ஆனா முதலே பெரிய லாப் கட்டப் போகாதேங்கோ, பெயர்ப் பலகை திறந்து படம் எடுத்த பிறகு பூட்டிக் கிடக்கிற அறையள் எத்தினையைப் பாத்திட்டம். டிஜிட்டல் பிறஷர் மெஷின், வெப்பமானி, நிறை பாக்கிற தராசு, அளவு நாடா, முதலுதவிப் பெட்டி, இவ்வளவும் காணும். 2022ல டொலர் ஏறின பிறகு மெஷின் விலை பழைய மாதிரி இல்லை, அதால ஒரேயடியா வாங்காமல் ரெண்டு தவணையாப் பிரிச்சு வாங்கினம். வெளிய எங்கயாவது கூட்டிக்கொண்டு போறதெண்டா வலயக் கல்வி அலுவலக அனுமதி எடுக்கோணும், கடிதத்தை நல்லா முதலே குடுத்து வையுங்கோ.

எத்தினை பேர் எண்டதுக்கு, 24. ஒரு மெஷினுக்கு ஆறு பேருக்கு மேல நிண்டா பின்னால நிக்கிறதுகள் பொழுதுபோகாமல் ஸ்டெதஸ்கோப்பை ஒண்டின்ட காதில ஒண்டு வச்சுக் கத்தத் தொடங்கும், எங்களிட்ட இருக்கிறது நாலு மெஷின்.