ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுரைகள் தேடி வரும்

கேள்வி: மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். அரசுக் கல்லூரி ஒன்றில் பகுதிநேரமாகச் சைபர் சட்டமும் நடத்துகிறேன். தனியுரிமை, செயற்கை நுண்ணறிவு, இணையத் தணிக்கை என்று நாள்தோறும் புதுக் கட்டுரைகள் வருகின்றன. வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்களைச் சேர்த்து வைக்கிறேன், படிக்கத்தான் நேரமில்லை. பாதிக் கட்டுரைகளுக்குப் பணம் கேட்கிறார்கள். எப்படித் தொடர்வது?

பதில்: போனில் சேர்ந்துகிடக்கும் அந்தப் பிடிஎஃப்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அவை எல்லாம் யாரோ ஒருவருடைய தேடலில் கிடைத்தவை. தொழில்நுட்பச் சட்டம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் பத்துத் துறைகள் இருக்கின்றன. முழுநேர ஆய்வாளர்கள்கூட அவற்றில் ஒன்றிரண்டைத்தான் தொடர்கிறார்கள். நீங்களும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்சிக்காரரோ மாணவரோ கேட்டு, பதில் சொல்லத் திணறிய கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது.

உதாரணத்துக்கு இதைப் பாருங்கள். ஓர் அதிகாரியைப் பற்றி ஆர்டிஐ மனுவில் கேட்டால், தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்கலாமா? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3) பிரிவின் மூலம் தனிப்பட்ட தகவலைத் தர மறுக்க இடம் தரும் ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவின் வாசகத்தைச் சுருக்கிவிட்டது. பொதுநலன் இருந்தால் தகவலைத் தரலாம் என்ற வாசகம் முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. இப்போது அது இல்லை, 8(2)இல் உள்ள பொதுநல விதிவிலக்குதான் மிச்சம். நடைமுறையில் இது போதுமா என்பது ஆய்வாளர்களும் வழக்கறிஞர்களும் மோதிக்கொள்ளும் இடம். இப்படி ஒரு பிரிவு எண்ணோடு தேடினால் குப்பை தானாக விலகும்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் இதைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை கிடைத்ததும் அதன் கீழே உள்ள 'சைட்டட் பை' என்ற இணைப்பைத் தட்டுங்கள். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிப் பிறகு எழுதியவர்கள் எல்லோரும் வரிசையாக வருவார்கள். அதே பக்கத்தில் அலர்ட் ஒன்றைப் போட்டுவிட்டால், இனி யார் மேற்கோள் காட்டினாலும் மின்னஞ்சல் வரும். தலைப்புச் சொல்லுக்கு அலர்ட் போட்டால் அஞ்சல்பெட்டி நிரம்பி வழியும். ஒரு கட்டுரைக்குப் போட்டால் மாதத்துக்கு இரண்டு மூன்று வரும், பெரும்பாலும் உருப்படியானவை.

சட்டத்துறையில் கட்டுரைகள் இதழில் அச்சாகும் முன்பே எஸ்எஸ்ஆர்என் தளத்தில் வரைவாக வந்துவிடும். கணினித் துறையினர் எழுதுவது ஆர்கைவ் (arXiv) தளத்தில் வரும். இரண்டும் இலவசம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்கச் சட்ட இதழ்களில் பெரும்பாலானவற்றை நடத்துவது மாணவர்கள். அறிவியல் இதழ்களில் உள்ளதுபோல் துறை வல்லுநர்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே பொதுவாகக் கிடையாது. அதனால் எழுதியவர் யார், எங்கிருந்து எழுதுகிறார் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயருக்கு மேல் நட்சத்திரக் குறி போட்டு ஓர் அடிக்குறிப்பு இருக்கும். ஆய்வுக்குப் பணம் வந்திருந்தால் அதை அங்கேதான் சொல்வார்கள். நான் தலைப்புக்கு அடுத்துப் படிப்பது அதைத்தான். தரவுப் பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறவருக்கு ஒரு தொழில்நுட்ப நிறுவனம் நிதி கொடுத்திருக்கிறது என்பதற்காகக் கட்டுரை பொய்யாகிவிடாது. ஆனால் படிக்கும் கண் மாறும்.

அடுத்தது தேதி. இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. ஒரு கருத்தரங்கில், நன்றாகத் தயாரித்து வந்த இளம் ஆசிரியர் ஒருவர், உடல்நலம், சாதி போன்ற கூருணர்வுத் தனிநபர் தரவுக்கு (சென்சிடிவ் பர்சனல் டேட்டா) நம் சட்டம் தரும் தனிப் பாதுகாப்பு பற்றி அரை மணி நேரம் பேசினார். அப்படி ஒரு வகைப்பாடு 2019 மசோதாவில் இருந்தது, 2023 சட்டத்தில் இல்லை. அவர் படித்த கட்டுரைகள் அனைத்தும் 2020இல் எழுதப்பட்டவை. இந்தச் சட்டத்தின் கதை அப்படி. 2017 ஆகஸ்டில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொன்ன புட்டசாமி தீர்ப்பு, 2018இல் தரவுப் பாதுகாப்பு பற்றிய ஸ்ரீகிருஷ்ணா குழு அறிக்கை, 2019 டிசம்பரில் மசோதா, 2022 ஆகஸ்டில் அது வாபஸ், அதே ஆண்டு நவம்பரில் புது வரைவு, 2023 ஆகஸ்டில் சட்டம், 2025 நவம்பரில் விதிகள். விதிகள் வந்த பிறகும் எல்லாம் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. ஆர்டிஐ திருத்தம் உடனே வந்தது, நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகளுக்குப் 18 மாத அவகாசம். ஆகவே கட்டுரையைத் திறந்ததும், இவர் எந்த வரைவைப் பற்றி எழுதுகிறார் என்று பாருங்கள். பிறகு அரசிதழில் மூல வாசகத்தை ஒருமுறை சரிபாருங்கள். மசோதாக்களின் வரலாற்றுக்கு, அவற்றைத் தொகுத்துத் தரும் பிஆர்எஸ் (PRS) தளம் போதும்.

இந்தியாவைப் பற்றிய நல்ல ஆய்வு, பணம் கேட்கும் இதழ்களில்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது. மூன்றரை ஆண்டு கழித்து, 2018இல், அபினவ் செக்ரி, அபர் குப்தா என்ற இரு வழக்கறிஞர்கள், செத்துப்போன அந்தப் பிரிவில் இன்னும் வழக்குகள் நடப்பதை ஓர் ஆய்வறிக்கையில் காட்டினார்கள். இணைய உரிமைகளுக்கான அமைப்பான இண்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் வெளியிட்ட இலவச அறிக்கை அது. அதை வைத்து பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பின் நகலை உயர் நீதிமன்றங்களுக்கும் மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் அனுப்பச் சொல்லி 2019 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. அதற்குப் பிறகும் வழக்குகள் நிற்காமல், 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. எங்கோ ஒரு காவல் நிலையத்தில், இல்லாத பிரிவில் எஃப்ஐஆர் போடப்பட்டவனுக்கு அந்த அறிக்கையின் மதிப்பு தெரியும். பெங்களூரின் சிஐஎஸ் (சென்டர் ஃபார் இண்டர்நெட் அண்ட் சொசைட்டி), டெல்லியின் 'விதி' (Vidhi) சட்டக் கொள்கை மையம், டெல்லி தேசியச் சட்டப் பல்கலையின் சிசிஜி (சென்டர் ஃபார் கம்யூனிகேஷன் கவர்னன்ஸ்) ஆகிய ஆய்வு மையங்களும் இப்படி அறிக்கைகளை இலவசமாக வெளியிடுகின்றன.

பணம் கேட்கும் கட்டுரைகளுக்கு வருவோம். உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரி என்பதால் முதலில் நூலகரைப் பாருங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்கு, 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா, உங்களுக்கு லாகின் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஸ்காலரில் 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதைத் தட்டினால் பல சமயம் இலவசப் பிரதி கிடைக்கும். அதுவும் இல்லையா, ஆசிரியருக்கே இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

நேரத்துக்கு, சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், போதும். அறுபது பக்கக் கட்டுரை என்றால் முன்னுரை, கடைசிப் பகுதி, அப்புறம் உங்கள் கேள்வியைத் தொடும் அடிக்குறிப்புகள். படித்ததும் ஒரு நோட்டில் நான்கு வரி தமிழில் எழுதி வையுங்கள்: என்ன சொல்கிறார், எந்த வரைவை வைத்து, எந்தத் தேதியில், எங்கே எனக்கு உடன்பாடில்லை. அடுத்த வகுப்புக்கு அந்த நோட்டோடு போங்கள்.