படியில் கால் வைத்ததும் எரியும் விளக்கு: சென்சார் பழுதாகவில்லை, நடுவில் ஒன்று குறைகிறது

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு எழுபது வயது. ராத்திரி மாடியிலிருந்து இறங்கும்போது சுவிட்சைத் தடவித் தேடுகிறார், பயமாக இருக்கிறது. ஆள் வந்தால் தானாக எரியும்படி செய்யலாம் என்று எச்.சி-எஸ்.ஆர்.501 சென்சாரும் ஒரு மீட்டர் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பும் வாங்கினேன். சென்சாரின் அவுட் பின்னில் ஸ்ட்ரிப்பை மாட்டினால் எரியவே இல்லை. கடைக்காரர் ஒரு மாஸ்ஃபெட் கொடுத்தார், அதை வைத்தால் மங்கலாக எரிகிறது, மாஸ்ஃபெட் கொதிக்கிறது. அதோடு ஆளே இல்லாதபோதும் சில நேரம் எரிகிறது. சென்சார் போய்விட்டதா?"

போகவில்லை. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அந்த அவுட் பின் வெறும் தகவல் சொல்கிற பின். ஆள் நடமாட்டம் தெரிந்தால் 3.3 வோல்ட், இல்லையென்றால் பூஜ்யம், அவ்வளவுதான் அதன் வேலை. அதிலிருந்து சில மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்க முடியாது. உங்கள் ஸ்ட்ரிப்புக்கோ 12 வோல்ட் வேண்டும், மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள சாதாரண ரகமாக இருந்தால் சுமார் 400 மில்லி ஆம்பியரும் வேண்டும். ஆகவே சென்சார் சொல்வதைக் கேட்டு ஸ்ட்ரிப்பை எரியவிட நடுவில் ஒரு டிரான்சிஸ்டர், அதாவது சின்ன சிக்னலால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுகிற சுவிட்ச், இருக்க வேண்டும்.

மாஸ்ஃபெட்டும் ஒரு வகை டிரான்சிஸ்டர்தான், கடைக்காரர் அந்த எண்ணத்தில்தான் அதைக் கொடுத்திருக்கிறார், ஆனால் அநேகமாக ஐ.ஆர்.எஃப்.இசட்.44 கொடுத்திருப்பார். "இசட் நாற்பத்துநாலு" என்று கேட்டால் பெரும்பாலும் அதுதான் கைக்கு வரும். அது திறக்கத் தொடங்கவே 'கேட்' எனப்படும் அதன் கட்டுப்பாட்டுக் காலில் 2 முதல் 4 வோல்ட் வரை வேண்டும், முழுதாகத் திறக்க 10 வோல்ட் வேண்டும். 3.3 வோல்ட்டில் அது பாதி திறந்த குழாய் மாதிரி நிற்கிறது, வெளிச்சமாகப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு சூடாக அதிலேயே தங்கிவிடுகிறது. எஃப்-க்குப் பதில் எல் உள்ள ஐ.ஆர்.எல்.இசட்.44 வாங்கினால் இந்த வேலைக்கு 3.3 வோல்ட் போதும். ஒரே எழுத்துதான் வித்தியாசம், வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதை நீங்களே படித்துப் பாருங்கள்.

உங்கள் ஒரு மீட்டருக்கு என் தேர்வு டிப் 122 என்ற சாதாரண டிரான்சிஸ்டர். ஊரில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், மாஸ்ஃபெட் மாதிரி கையில் தொட்டதும் கெட்டுப்போகுமோ என்ற கவலையும் இல்லை. அதில் ஒரு வோல்ட் போல விழும், ஸ்ட்ரிப் கொஞ்சம் வெளிச்சம் குறையும், ராத்திரி படிக்கு அது நல்லதுதான், தூக்கக் கண்ணில் பளீரென்று அடிக்காது. மூன்று நாலு மீட்டர் ஒட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் எல் போட்ட மாஸ்ஃபெட்டுக்குப் போங்கள்.

இணைப்பு இப்படி. 12 வோல்ட், 1 அல்லது 2 ஆம்பியர் அடாப்டரின் பிளஸ் இரண்டாகப் பிரிந்து ஒன்று ஸ்ட்ரிப்பின் பிளஸ்ஸுக்கும் இன்னொன்று சென்சாரின் விசிசி என்ற மின்சாரம் வாங்கும் பின்னுக்கும் போகிறது (சென்சார் 12 வோல்ட்டைத் தாங்கும், உள்ளேயே ரெகுலேட்டர் இருக்கிறது). அடாப்டரின் மைனஸ் சென்சாரின் கிரவுண்டுக்கும் டிப் 122-இன் எமிட்டருக்கும். அவுட் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு. கலெக்டரிலிருந்து ஸ்ட்ரிப்பின் மைனஸுக்கு. எழுத்து உங்களைப் பார்த்தபடி, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து பேஸ், கலெக்டர், எமிட்டர். மேலே உள்ள உலோகத் தகடும் கலெக்டர்தான், அது வேறு கம்பியில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாஸ்ஃபெட் என்றால் அதே வரிசையில் கேட், டிரெய்ன், சோர்ஸ், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் மட்டும் ஒரு 100 கிலோ ஓம் கூடுதலாக. சென்சாரின் பின் பெயர்கள் வெளியே தெரியாது, வெள்ளை டோமை மெதுவாகக் கழற்றினால் அடியில் எழுதியிருக்கும். கழற்றும்போது உள்ளே இருக்கிற சின்னக் கண்ணாடி மாதிரியான சன்னலை விரலால் தொடாதீர்கள்.

ஆள் இல்லாமல் எரிவதுதான் உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சர்க்யூட் அரை மணி நேர வேலை, சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் இது நிற்கும், விழும்.

மின்சாரம் கொடுத்த முதல் ஒரு நிமிடம் அது தாறுமாறாகத்தான் எரியும், அறையின் வெப்பத்துக்குப் பழகுகிற நேரம் அது, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதற்கு அப்புறமும் எரிந்தால் அது என்ன பார்க்கிறது என்று பாருங்கள். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உணர்விகள் இருக்கின்றன, உடம்பின் வெப்பம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரும்போது வருகிற வித்தியாசத்தைத்தான் அது ஆள் என்று எடுத்துக்கொள்கிறது. வெயில் விழுந்து ஆடும் திரைச்சீலை, அடுப்பு, பூனை எல்லாமே அதற்கு ஆள்தான். எங்கள் வீட்டில் சமையலறை வாசல் தெரியும்படி வைத்திருந்தேன், அடுப்பு பற்றவைக்கும்போதெல்லாம் படி விளக்கு எரிந்தது. ஒரு அங்குல பி.வி.சி. பைப்பில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி டோமைச் சுற்றிச் செருகினேன், பார்வை குறுகியது, சரியாகிவிட்டது. அப்படியே விட்டால் அது சுமார் 110 டிகிரிக்கு விரித்துப் பார்க்கும், படிக்கு அவ்வளவு தேவையில்லை.

நகர்வு குறுக்காக இருந்தால் உடனே பிடிக்கும், நேராக அதை நோக்கி வந்தால் தாமதமாகும். அதனால் படியின் அடியில் மேல்நோக்கி வைக்காமல் மேலிருந்து முதல் படியின் பக்கச் சுவரில் வையுங்கள், அம்மா அதன் முன்னால் கடந்து போகும்படி. கத்திரி வெயில் நாட்களில் சுவரும் காற்றும் உடம்புச் சூட்டை நெருங்கிவிடும், அப்போது தூரம் குறையும், எனவே எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்று வைக்கிற சென்சிடிவிட்டி குமிழை மே மாதத்தில் ஒருமுறை சரிபாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வேலையே செய்யாது. வைஃபை ரவுட்டர் பக்கத்தில் வைத்தாலும் சும்மா சும்மா எரியும்.

விளக்கு அணைந்த சில விநாடியில் தானே திரும்ப எரிந்து, அப்படியே சுழன்றுகொண்டிருந்தால் காரணம் வேறு: ஸ்ட்ரிப் எரிந்து அணையும்போது அடாப்டரின் வோல்டேஜ் ஆடுகிறது. சென்சாரின் விசிசி, கிரவுண்ட் இரண்டுக்கும் குறுக்கே 25 வோல்ட் தாங்கும் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று சாலிடர் செய்யுங்கள், பிளஸ் மைனஸ் மாறக்கூடாது.

சென்சார் போர்டில் ஜம்பர் (பின்களை இணைக்கிற சின்னத் தொப்பி) எச் பக்கம் இருக்கட்டும், ஆள் நடமாடும்வரை நேரம் நீண்டுகொண்டே போகும். எல் பக்கம் இருந்தால் நடுப்படியில் நிற்கும்போதே அணைந்துவிடும், வயதானவர்களுக்கு அது ஆபத்து. பகலில் எரிய வேண்டாமென்றால் டோமின் ஓரத்தில் காலியாக இருக்கும் இரண்டு துளைகளில் எல்.டி.ஆர். என்கிற, வெளிச்சத்தை உணரும் ரெசிஸ்டர் ஒன்றை சாலிடர் செய்யலாம், ஸ்ட்ரிப்பின் வெளிச்சம் அதன்மேல் விழாமல் திருப்பி வையுங்கள்.

படியின் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சென்சார் வேண்டும் என்றால் இரண்டு அவுட் பின்னிலும் ஒவ்வொரு 1என்4148 டயோடு போட்டு, கோடு உள்ள முனைகளை ஒன்றாக்கி, அங்கிருந்து 1 கிலோ ஓமுக்குக் கொண்டுபோங்கள். டயோடு இல்லாமல் இரண்டையும் சேர்த்தால் சும்மா இருக்கிற சென்சார் மற்றதன் சிக்னலைக் கீழே இழுத்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 230 வோல்ட்டை இதில் கலக்காதீர்கள். பி.ஐ.எஸ். பதிவு முத்திரை (R- என்று தொடங்கும் எண்) உள்ள, மூடிய அடாப்டரையே வாங்குங்கள். பல்புக்குள்ளிருந்து எடுத்த டிரைவர் போர்டு, கெப்பாசிட்டர் வைத்து வோல்டேஜ் குறைக்கிற மலிவு போர்டு எதுவும் வேண்டாம், பலவற்றில் எல்.இ.டி. பக்கக் கம்பியைத் தொட்டாலும் மெயின்ஸைத் தொட்டதுதான். மின்வெட்டு உண்டென்றால் ரவுட்டருக்கு விற்கிற 12 வோல்ட் மினி யு.பி.எஸ். போதும், ஒரு மீட்டர் ஸ்ட்ரிப்பை அது சுலபமாகத் தாங்கும்.

எல்லாம் மாட்டியதும் நேரக் குமிழை இடப்பக்கம் முழுதாகத் திருப்பி ஒருமுறை சோதியுங்கள், மூன்று விநாடி போல எரிந்து அணையும். அப்புறம் அம்மாவை அவர் வழக்கமாக இறங்கும் வேகத்திலேயே ஒருமுறை இறங்கச் சொல்லி, நீங்கள் விநாடியை எண்ணுங்கள். அதன் இரண்டு பங்கு வரும்வரை குமிழை வலப்பக்கம் திருப்பி வையுங்கள்.