ஐ.பி. போடும் முன் அக்கா கடனை அடைக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தினேன். ஆர்டர் நின்று ஒரு வருடமாகிறது. எலாஸ்டிக், நூல் வாங்கிய கடைகள், இரண்டு பைனான்ஸ், கிரெடிட் கார்டு, கைமாற்று என்று மொத்தம் 20 லட்சம் கடன். சொந்த வீடு இல்லை. ஒரு பார்ட்டியிடமிருந்து பழைய பாக்கி 4,20,000 ரூபாய் இப்போதுதான் வந்தது. அக்காவுக்கு 2,50,000, மாமனாருக்கு 1,50,000 கொடுத்துவிட்டு ஐ.பி. (கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடும் நொடிப்பு மனு) போடலாமா? புரோநோட்டுகூட எழுதி வாங்காமல் கொடுத்தவர்கள். ரொக்கமாகக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? அக்காவின் 8 பவுன் நகையும் என் பெயரில் பேங்கில் அடகில் இருக்கிறது.

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்தால் முதலில் மாட்டுவது அக்காவும் மாமனாரும்தான்.

உங்களுக்குப் பொருந்துவது 1920-ம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். (சென்னை நகரத்துக்கு 1909-ம் ஆண்டுச் சட்டம், ஐகோர்ட். 2016-ல் வந்த ஐ.பி.சி. என்னும் புதிய நொடிப்பு, திவால் சட்டம், தனிநபர்களில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.) இதன் 54-வது பிரிவு சொல்வது இதுதான்: கடனைக் கட்ட முடியாத நிலையில் இருப்பவர், மற்றவர்களை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டும் நோக்கத்தோடு பணம் கொடுத்து, அதற்கு 3 மாதத்துக்குள் தாக்கலான மனுவில் நொடித்தவராக அறிவிக்கப்பட்டால், அந்தப் பட்டுவாடா செல்லாது. நொடித்தவரின் சொத்தைக் கோர்ட் சார்பில் பொறுப்பேற்கும் ஆபீஷியல் ரிசீவர் அதைத் திரும்பக் கேட்பார்.

நோக்கம் என்பதுதான் இங்கே முக்கியம். கேஸ், ஜப்தி என்று நெருக்கிய பைனான்ஸ்காரருக்குக் கட்டியிருந்தால், நெருக்கடியால் கட்டினேன் என்று வாதாட இடம் உண்டு. அக்கா உங்களை எந்தக் கோர்ட்டுக்கும் இழுக்கவில்லை. பாசத்தால் கொடுத்தீர்கள் என்பது பார்த்ததுமே தெரியும். சட்டம் தடுப்பதும் அதைத்தான்.

கணக்கைப் பாருங்கள். 20 லட்சத்துக்கு 4,20,000 என்றால் ரூபாய்க்கு 21 பைசா. செலவு போகக் கொஞ்சம் குறையும். இருவரின் பெயரையும் கடன்காரர் பட்டியலில் சேர்த்தால், 4 லட்சத்துக்குச் சுமார் 84,000 அவர்கள் பங்குக்கு வரும். நீங்கள் முழுதாகக் கொடுத்தால், 4 லட்சத்தையும் அவர்கள் திரும்பக் கட்டிவிட்டு இதே 84,000-க்கு வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் அக்கா அதை மகளின் காலேஜ் பீஸுக்குக் கட்டியிருப்பார்.

ரொக்கம் என்ற யோசனை இன்னும் மோசம். பேங்க் ஸ்டேட்மென்டில் 4 லட்சம் எடுத்தது தெரியும். எங்கே போனது என்று ரிசீவர் கேட்பார். சொத்து குறைந்ததற்குத் திருப்தியான கணக்குச் சொல்ல முடியாததும், கடைசி 3 மாதத்தில் ஒருவருக்குச் சலுகை காட்டியதும், கடனிலிருந்து முழு விடுதலை மறுக்க 42-வது பிரிவு தரும் காரணங்கள். சொத்து ரூபாய்க்கு 50 பைசா தேறாததும் அதில் ஒன்று. உங்களுடையது ஏற்கெனவே தேறவில்லை. தொழில் நசிவு உங்கள் தவறல்ல என்று காட்டித்தான் அதைத் தாண்ட வேண்டும். கூடவே ஒரு மறைப்பு இருந்தால் யார் நம்புவார்கள்? மோசடி நோக்கம் நிரூபணமானால் 69-வது பிரிவில் ஒரு வருடம் வரை சிறை. போதாததற்கு, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனை ரொக்கமாகத் திருப்பினால் அதே தொகையை அபராதமாக விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. சொந்தக்காரர் என்று விலக்கு கிடையாது.

“கொடுத்துவிட்டு 3 மாதம் கழித்துப் போட்டால்?” என்று அடுத்து கேட்பீர்கள். 54-வது பிரிவு அப்போது எட்டாதுதான். ஆனால் இப்படி ஒருவருக்குச் சலுகை காட்டுவதே நொடிப்புச் செயல். அதை வைத்து எலாஸ்டிக் கடைக்காரரே 3 மாதத்துக்குள் உங்கள் மேல் மனுப் போடலாம். திருப்பூர் மாதிரி ஊரில் யார் யாருக்குக் கொடுத்தார் என்ற சேதி ஒரு வாரம்கூடத் தங்காது.

செய்ய வேண்டியது: மனுவில் கடன்காரர் எல்லோருடைய பெயர், முகவரி, தொகையோடு இவர்கள் இருவரையும் எழுதுங்கள். புரோநோட்டு இல்லாவிட்டால் பேங்க் டிரான்ஸ்பர், வாட்ஸ்அப் செய்தி, கணக்கு நோட்டு போதுமா என்று வக்கீலிடம் காட்டுங்கள். பழைய தேதி போட்டுப் புது புரோநோட்டு எழுதவே கூடாது. 4,20,000-ஐ அக்கவுன்டிலேயே விடுங்கள். வீட்டுச் செலவு, இந்த மாத வாடகை, வக்கீல் பீஸ் எடுத்தால் ரசீது வையுங்கள். ஏற்கெனவே கொஞ்சம் கொடுத்திருந்தால், தேதியோடு வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள். ஒருமுறை போட்ட மனுவைக் கோர்ட் அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்க முடியாது.

பைனான்ஸிடம் கொடுத்த செக் திரும்பினால் வரும் கிரிமினல் கேஸை ஐ.பி. தடுக்காது. மாமனார் எதற்காவது ஜாமீன் போட்டிருந்தால், உங்களுக்கு விடுதலை கிடைத்தாலும் அவருக்குக் கிடைக்காது.

நகையை அக்காவே தன் பணத்தில் மீட்கலாம். அவர் அக்கவுன்டிலிருந்து நேராக அடகுக் கணக்குக்குக் கட்டட்டும். நீங்கள் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி அவரிடம் கொடுங்கள். நகை வாங்கிய பில் இருந்தால் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அது உங்கள் சொத்து என்று பிறகு கேள்வி வரும்.

மனைவியோ மகனோ தன் சம்பளத்திலிருந்து மாமனாருக்குக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. உங்கள் பணத்தை மனைவி அக்கவுன்ட் வழியாகச் சுற்றிவிட்டால் அது பழைய கதைதான். கோர்ட்டிலிருந்து விடுதலை உத்தரவு வரும்வரை நீங்கள் புதிதாகச் சேர்க்கும் சொத்தும் ரிசீவர் வசம் போகும். உத்தரவு வந்த பிறகு, சம்பாதிப்பதிலிருந்து அக்காவுக்கு முழுப் பணத்தையும் கொடுத்தால் ஏன் என்று கேட்க யாருமில்லை.